நோய்க்கு ஒரு பேரு கேட்டு ஜெபிச்சேன்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பேரு ஜெசிந்தா. கருமத்தம்பட்டியில இருக்கறோம். எங்க ஊட்டுக்காரரு அருள்தாஸ் கூலிக்குத் தறி ஓட்டறாரு. ஊட்டை ஒட்டியே செட்டு, அதுல நாலு விசைத்தறி. எனக்கு மைக்கு முன்னாடி நின்னு பேசிப் பழக்கமில்லைங்க. ஆனாலும் ஆண்டவர் எங்க குடும்பத்துக்குச் செஞ்சதைச் சொல்லாம இருக்க முடியலை.

போன வருஷம் ஜூன் மாசம். பள்ளிக்கூடம் திறந்து ரெண்டாவது வாரம். எங்க மூத்த புள்ளை ஷெரின் ஒண்ணாவது படிச்சுட்டிருந்தா. காலையில பிரேயர்ல நின்னவ அப்படியே முன்னால உழுந்துட்டா. முழங்கால்ல சிராய்ப்பு. வெயில்ல மயக்கம் வந்திருக்கும்னு டீச்சர் சொன்னாங்க. நானும் சரின்னுட்டேன். அடுத்த வாரம் மறுபடி உழுந்தா. அப்புறம் தினமும்.

ஜூலை கடைசியில படி ஏற முடியலை. காலு ரெண்டும் கட்டை மாதிரி விறைச்சுக்கிட்டு, ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கும். ஒரு நாள் மத்தியானம் சோறு போட்டு ரசம் ஊத்தினேன். புள்ளை தட்டுக்குப் பக்கத்துல தரையைத் தடவுது. "ஏங்கண்ணு, தட்டு இங்க இருக்குதே"ன்னேன். "தெரியலைம்மா, புகையா இருக்குது"ன்னா. அன்னைக்குத்தான் எனக்குப் பயம் புடிச்சுது. அப்ப நான் ரெண்டாவது புள்ளையை மூணு மாசம் சுமந்துட்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். ஸ்கேன் எடுத்தாங்க. முதுகுத்தண்டுக்குள்ள போற நரம்புல வீக்கம் இருக்குது, உடம்பே அதோட நரம்பைத் தாக்குதுன்னு சொன்னாங்க. அஞ்சு நாள் டிரிப்ஸ்ல ஸ்டீராய்டு மருந்து ஏத்தினாங்க. அங்க பாத்த டாக்டரு நல்லவருங்க. பொறுமையா உக்காந்து ஒவ்வொண்ணா கேட்டாரு. "பாப்பாவுக்கு முன்னாடி வேற ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சுங்களா? தோல், முடி, காது?"

இங்க நான் ஒண்ணை ஒத்துக்கணும். உங்க முன்னாடி சொல்ல வெக்கமாத்தான் இருக்குது.

ஷெரினுக்கு நாலு வயசுல இருந்தே முடி கொட்டிட்டிருந்துச்சு. வட்டம் வட்டமா. கொஞ்ச நாள்ல புருவமும் போச்சு. வாய் ஓரத்துலயும் மூக்குக்குக் கீழயும் செவப்பா புண்ணு வரும், போகும். களிம்பு போட்டோம், தேங்காய் எண்ணெய் காய்ச்சிப் போட்டோம். ஒண்ணும் கேக்கலை. சொந்தத்துல ஒருத்தர் ரெண்டு பேரு ஒரு மாதிரி பாக்க ஆரம்பிச்சாங்க. பொம்பளைப் புள்ளை, நாளைக்கு என்ன சொல்லுவாங்களோன்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கும். அதனால மிச்சம் இருந்த முடியையும் மழிச்சுட்டு, தலைக்கு பூப்போட்ட துணி கட்டி, ரெண்டு பக்கமும் கிளிப் மாட்டி, கண்மை எடுத்து புருவம் வரைஞ்சு உடுவேன். யாரு கேட்டாலும், "வேண்டுதலுக்கு மொட்டை போட்டோமுங்க"ன்னு சொல்லிப் பழகிட்டேன். கேக்கறவங்களும் நம்பிட்டாங்க.

அந்த டாக்டருகிட்டயும் அதையேதான் சொன்னேன். "முடியெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுங்க. வேண்டுதலுக்கு எடுத்துட்டோம்." சாமி பேரைச் சொல்லி ஒரு பொய். காலுக்கும் கண்ணுக்கும் வைத்தியம் பாக்க வந்த எடத்துல முடியைப் பத்தி என்ன பேச்சுன்னுதான் எனக்குத் தோணுச்சு. அவரு எழுதிக்கிட்டாரு. தப்பு அவரு மேல இல்லைங்க. நான் மறைச்சதை அவரு எப்படிப் பாப்பாரு?

டிரிப்ஸ் ஏத்தினதும் கொஞ்சம் தேவலையாச்சு. சுவத்தைப் புடிச்சு நடந்தா. நாங்களும் பூசைக்குப் போய் மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தோம். செப்டம்பர் மாசம் எல்லாம் திரும்பி வந்துச்சு, முன்னைவிட மோசமா. நடக்கறது நின்னுச்சு. தவழ்ந்தா. அப்புறம் தவழறதும் நின்னுச்சு. பக்கத்துல போய் நின்னாலும் நான்தான்னு கொரலை வெச்சுத்தான் கண்டுபிடிப்பா. மூச்சு விடறப்போ ஒரு சத்தம் வர ஆரம்பிச்சுது.

நம்ம ஜெபக்கூட்டத்துக்கு நான் அந்தச் சமயம் வராம போனது உங்களுக்குத் தெரியும். காரணம் யாருக்கும் சொல்லலை. ஊட்டுக்கு வந்து பாத்த ஒருத்தங்க, "குடும்பத்துல ஏதோ பழைய சாபம் இருக்குது ஜெசிந்தா, அதை முறிக்காம மருந்து வேலை செய்யாது"ன்னாங்க. அவங்க நல்லதுக்குத்தான் சொன்னாங்க. ஆனா எனக்கு நெஞ்சுல ஆணி அடிச்ச மாதிரி ஆயிப்போச்சு. வயித்துல இருக்கற இன்னொரு உசுரையும் நெனைச்சுக்கிட்டேன். அதுக்கும் அந்தச் சாபமா? அன்னையிலிருந்து நான் யாரு மூஞ்சியிலயும் முழிக்கலை.

அக்டோபர்ல நம்ம கோயில் தேர்த்திருவிழா வந்துச்சு. ஊரே வெளிய நிக்குது. பாட்டுச் சத்தம் கேக்குது. நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டேன். ஷெரின் பாயில படுத்திருந்தா. "அம்மா, மாதா வருதாம்மா? என்னைத் தூக்கிக் காட்டும்மா"ன்னா. தூக்கிக் காட்டினா மட்டும் அவளுக்குத் தெரியுமா? நான் சமையல்கட்டுக்குப் போய் சுவத்துல சாஞ்சு தரையில உக்காந்துட்டேன். அழுகையைவிட கோவம்தான் வந்துச்சு. ஆண்டவருகிட்ட மரியாதை இல்லாமத்தான் பேசினேன்.

"நாலு மாசமா சுகம் குடு, சுகம் குடுன்னு கேட்டு வாய் ஓஞ்சுபோச்சு. இனி நான் அதைக் கேக்கலை. என் புள்ளைக்கு என்னன்னாவது சொல்லு. இந்த நோய்க்கு ஒரு பேரு சொல்லு. பேரு தெரிஞ்சா நான் என்னால ஆனதைப் பாக்கறேன். பேரே தெரியாத ஒண்ணுகிட்ட நான் எப்படிச் சண்டை போடறது?"

அவ்வளவுதாங்க என் ஜெபம். ஆமென்கூட சொல்லலை. எந்திரிச்சுப் போய் புள்ளையைத் தூக்கிட்டு வந்து சன்னல் பக்கம் புடிச்சுக்கிட்டேன். தேர் போயிடுச்சு. "போயிடுச்சா? பரவாயில்லைம்மா"ன்னா.

அடுத்த வாரம் கோயமுத்தூர்ல வேற ஒரு நரம்பு டாக்டரைப் பாத்தோம். குழந்தைங்களுக்குன்னே இருக்கறவரு. மூச்சுச் சத்தத்தைக் கேட்டதும் அவரு மொகம் மாறிடுச்சு. படுக்கையில சேத்துட்டு, மூளை, முதுகுத்தண்டு ரெண்டையும் முழுசா எம்.ஆர்.ஐ. எடுக்கணும்னாரு. அங்க ஒரு சிக்கல். மயக்க மருந்து குடுத்துத்தான் சின்னப் புள்ளைங்களை எடுப்பாங்களாம். இவளுக்கு மூச்சு சரியில்லாததால மயக்க மருந்து குடுக்கறவரு யோசிச்சாரு. "ஒரு மணி நேரத்துக்குப் பக்கமா ஆகும். பெரிய சத்தம் வரும். அசையாம படுத்திருந்தா மருந்து இல்லாமலே எடுக்கலாம். இருப்பாளா?"ன்னாரு.

எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, "தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகின புள்ளைங்க. படுத்திருப்பா."

ஸ்கேன் ரூமுக்குள்ள இரும்புச் சாமான் எதுவும் போகக்கூடாது. ஷெரின் கையில குடுக்கலாம்னு நான் கொண்டுபோன ஜெபமாலையைக்கூட வாங்கி வெளிய வெச்சுட்டாங்க. காப்பு, கொலுசு எல்லாம் கழட்டினோம். அங்க வேலை பாக்கற பையன் வந்து, "அக்கா, தலையில கிளிப் இருக்குதுங்க. அதையும் எடுத்துருங்க"ன்னான். எடுத்தேன். கிளிப் இல்லாம துணி நிக்கலை. அதுவும் அவுந்துருச்சு. அன்னைக்கு அவசரத்துல புருவமும் வரையலை. ரெண்டு வருஷமா நான் மூடி மூடி வெச்ச தலை, அந்த வெள்ளை வெளிச்சத்துல அப்படியே தெரிஞ்சுது.

வயித்துல புள்ளை இருந்ததால என்னை உள்ள உடலை. அவங்கப்பா உள்ள போய் அவ பாதத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் வெளிய பெஞ்சுல உக்காந்தேன். ஜெபமாலை சொல்ல வரலை. "அசையாம இருக்கணும், அசையாம இருக்கணும்"னு அதையே சொல்லிட்டிருந்தேன்.

புள்ளை அசையலைங்க. ஒரே மூச்சுல எடுத்து முடிச்சாங்க. அவ வெளிய வந்து, "ஒரு தறிக்கு மட்டும் தாளம் சரியில்லைப்பா"ன்னா. அந்த வேதனையிலயும் அவரு சிரிச்சுட்டாரு.

ஸ்கேன் படத்தைப் பாத்து எழுதற டாக்டருங்க நம்ம கண்ணுக்கே தெரிய மாட்டாங்க. உள்ள கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருப்பாங்க, நம்ம கைக்கு ரிப்போர்ட் மட்டும் வரும். அன்னைக்கு அந்த ரூம்ல இருந்து ஒரு டாக்டரம்மா எந்திரிச்சு வெளிய வந்தாங்க. அம்பது வயசு இருக்கும். நெத்தியில திருநீறு. மூக்குக் கண்ணாடியை நெத்திக்கு மேல ஏத்தி உட்டிருந்தாங்க. உள்ள இருக்கற கண்ணாடிச் சன்னல் வழியா புள்ளை தலையைப் பாத்திருக்காங்க போல, நேரா எங்கிட்ட வந்தாங்க.

"ஏனுங்க, நீங்கதான் ஷெரின் அம்மாவா? பாப்பாவுக்கு முடி எப்ப இருந்து இப்படி?"

எனக்கு வாய் தானா பேசிருச்சு. "வேண்டுதலுக்கு மொட்டை போட்டோமுங்க."

அவங்க எம்பக்கத்துல உக்காந்தாங்க. கோவமே இல்லை. மெதுவா கேட்டாங்க, "புருவத்தையுமா வேண்டிக்கிட்டீங்க அம்மணி?"

நான் ஒடைஞ்சுபோயிட்டேன். அங்கேயே, அத்தனை பேரு முன்னாடி, ஓன்னு அழுதுட்டேன். அப்புறம் எல்லாத்தையும் சொல்லிப்போட்டேன். நாலு வயசுல இருந்து கொட்டினது, வாய் ஓரத்துப் புண்ணு, நான் கட்டின துணி, சொன்ன பொய்யி, எல்லாம். அவங்க தலையை ஆட்டிக்கிட்டே கேட்டாங்க. கடைசியா ஒரு கேள்வி. "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"அத்தை மகனுங்க. கோயில் பங்குச் சாமியார்கிட்ட அனுமதி வாங்கித்தான் கட்டிக்கிட்டோம்."

எங்க ரெண்டு பேரையும் உள்ள கூட்டிட்டுப் போய் படத்தைக் காட்டினாங்க. "இது முதுகுத்தண்டுக்குள்ள ஓடற நரம்பு. கழுத்துல இருந்து பாதி முதுகு வரைக்கும் வெளுப்பா நீளமா தெரியுது பாருங்க. இது மட்டும் இருந்திருந்தா முன்னாடி சொன்ன வீக்கம்னுதான் நானும் எழுதியிருப்பேன். இப்ப மூளையைப் பாருங்க. இந்தப் பக்கம் ஒரு வெளுப்பு. அந்தப் பக்கமும் அதே எடத்துல, அதே அளவுல. கண்ணுக்குப் போற நரம்பு ரெண்டும் அப்படித்தான். அளவெடுத்து வெச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வந்தா, உடம்புக்கு வேணுங்கற ஏதோ ஒண்ணு கிடைக்காம இருக்குமோன்னு நாங்க யோசிப்போம். அதோட இந்த முடியும் தோலும் சேந்தா எனக்கு ஒரு சந்தேகம் இருக்குது. சந்தேகம்தான். ரத்தம் பாத்தாத்தான் உறுதி."

அங்கிருந்தே நரம்பு டாக்டருக்குப் போன் போட்டாங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் இங்கிலீஷ்ல பேசினாங்க. எனக்கு ஒரு வார்த்தை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டுச்சு. பயோட்டினிடேஸ். பயோட்டினிடேஸ்.

நாம சாப்பிடற சாப்பாட்டுல பயோட்டின்னு ஒரு வைட்டமின் இருக்குதுங்களாம். உடம்பு அதைப் பிரிச்சு எடுத்து, மறுபடி மறுபடி உபயோகப்படுத்திக்கும். அதுக்கு பயோட்டினிடேஸ்னு ஒரு என்சைம் வேணும். அந்த என்சைம் ஷெரின் உடம்புல பொறந்ததுல இருந்தே இல்லை. அதனால கொஞ்சம் கொஞ்சமா முடி, தோல், நரம்பு, கண்ணு எல்லாம் வாடிப்போச்சு. பரம்பரையா வர்ற அபூர்வமான நோயி. ரத்தத்தை எடுத்து அனுப்பினாங்க. ரிப்போர்ட் வரட்டும்னு காத்திருக்கலை. அன்னைக்கே அந்த வைட்டமினை மாத்திரையா குடுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

உள்ளதைச் சொல்றேன். எனக்கு அப்ப நம்பிக்கை வரலை. அவ்வளவு பெரிய மருந்தெல்லாம் ஏத்தியும் நிக்காத நோய் ஒரு வைட்டமின் மாத்திரைக்கு நிக்குமான்னு நெனைச்சேன். மாத்திரையைத் தூளாக்கித் தண்ணியில கரைச்சு வாயில ஊத்தினப்போ, சும்மா நம்ம மனசு ஆறுதலுக்குக் குடுக்கறாங்கன்னுதான் தோணுச்சு.

நாலாவது நாள் மூச்சுச் சத்தம் கொறைஞ்சுது. ஒரு வாரத்துல வாய் ஓரத்துப் புண்ணு காஞ்சு உதிர்ந்துருச்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒரு காலையில நான் அவளுக்கு மொகம் தொடைச்சுட்டிருந்தேன். என் சேலையைப் புடிச்சுப் பாத்துட்டு, "இது மயிலாம்மா, வாத்தா?"ன்னா. மயில்தாங்க. பச்சை மயில். நான் அவளை அப்படியே மடியில போட்டுக்கிட்டேன். பக்கத்துப் படுக்கையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு வந்துட்டாங்க.

அப்புறம்தான் ரத்த ரிப்போர்ட் வந்துச்சு. டாக்டரம்மா சந்தேகப்பட்டது சரியா இருந்துச்சு. பயோட்டினிடேஸ் குறைபாடு. அந்தப் பேரைத் தட்டுத்தடுமாறாம சொல்ல எனக்கு நாலு நாள் ஆச்சு. அன்னைக்குத்தான் சமையல்கட்டுல நான் கேட்டது ஞாபகம் வந்து மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஒரு பேரு சொல்லுன்னு கேட்டேன். ஒரே வாரத்துல சொல்லிட்டாரு. நான் மூடி வெச்சதை முதல்ல அவுக்க வெச்சு, அப்புறம் சொன்னாரு.

ஆனா பேரு தெரிஞ்சதும் இன்னொரு பாரம் வந்து உக்காந்துச்சு. இது எங்க ரெண்டு பேருகிட்ட இருந்தும் புள்ளைக்குப் போயிருக்குது. நரம்பு டாக்டரு உக்கார வெச்சுச் சொன்னாரு. "இதுல யாரு தப்பும் இல்லை. உங்க ரெண்டு பேருகிட்டயும் ஒரே குறை வெளிய தெரியாம இருந்துச்சு. அடுத்த குழந்தைக்கும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு இருக்குது." என் கை தானா வயித்துக்குப் போச்சு. ஊட்டுக்கு வந்துதான் நான் கேட்டேன், "சாபம்னு சொன்னாங்களே மாமா, அது இதுதானா?"

அவரு அதிகம் பேசற ஆளு இல்லை. "சாபத்துக்கு எங்கயாச்சும் மருந்துக் கடையில மாத்திரை கிடைக்குமா? ரெண்டு பேரும் சேந்துதான குடுத்தோம், ரெண்டு பேரும் சேந்தே பாத்துக்கலாம்"னாரு. ஆண்டவர் எனக்குச் சொன்ன ரெண்டாவது பதிலா அதை எடுத்துக்கிட்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஷெரின் சுவத்தைப் புடிச்சு நடந்து குடிலைப் பாக்கப் போனா. தலையில பூனை முடி மாதிரி பொடியா வளந்திருந்துச்சு. துணி கட்டட்டுமான்னு கேட்டேன். "வேண்டாம், எல்லாரும் பாக்கட்டும்"னா.

ஜனவரியில எனக்கு ரெண்டாவதும் பொம்பளைப் புள்ளை பொறந்துச்சு. அமலின்னு பேரு வெச்சோம். பொறந்ததுமே ரத்தம் எடுத்து அனுப்பினாங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், "இவளுக்கு இருக்கக்கூடாது ஆண்டவரே."

இருந்துச்சுங்க. அமலிக்கும் அதே நோய்.

இந்த ஜெபத்துக்கு அவரு பதில் சொல்லலைன்னு நீங்க நெனைக்கலாம். நானும் ஒரு நாள் முழுக்க அப்படித்தான் நெனைச்சேன். ஆனா அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சாச்சு. பொடி பண்ணி, தாய்ப்பால்ல கலந்து, பாலாடையில ஊட்டுனேன். இப்ப அவளுக்கு ஒம்பது மாசம். தலை நிறையக் கருகருன்னு முடி. தவழ்ந்து போய் செருப்பையெல்லாம் எடுத்து வாயில வெச்சுக்கறா. குப்புற உழ வேண்டிய மாசத்துல உழுந்தா, உக்கார வேண்டிய மாசத்துல உக்காந்தா. அக்காவுக்கு நோய் கண்டுபிடிக்காம இருந்திருந்தா, இவ உடம்புக்குள்ள அது சத்தமில்லாம வளந்திருக்கும். நான் மறுபடியும் துணி தேடியிருப்பேன்.

ஷெரின் முழுசா சுகமாயிட்டான்னு நான் சொல்ல மாட்டேன். சாட்சி சொல்ற எடத்துல கூட்டிச் சொல்லக்கூடாது. எடது கண்ணுல பார்வை கொறைவுதான், தடிமனா கண்ணாடி போட்டிருக்கறா. ஓடினா வலது காலு கொஞ்சம் இழுக்கும். ரெண்டு புள்ளைங்களும் வாழ்நாள் பூரா மாத்திரை சாப்பிடணும். போன கோடையில மறுபடி ஸ்கேன் எடுத்தாங்க. அந்த டாக்டரம்மாவே பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினாங்க. முதுகுத்தண்டுல இருந்த வெளுப்பு பெரும்பாலும் போயிடுச்சு. அவங்க கையைப் புடிச்சு, "உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கறேனுங்க"ன்னேன். "ஜெபிங்க அம்மணி. எனக்கும் வேணும்"னாங்க. ஜூன் மாசத்துல இருந்து ஷெரின் மறுபடி ஒண்ணாவது போறா. இந்த வாட்டி தேர் வந்தப்போ அவங்கப்பா தோள்ல உக்காந்து, எனக்கு முன்னாடி அவதான் பாத்தா.

சாபம்னு சொன்ன அக்கா இங்கதான் உக்காந்திருக்காங்க. அவங்க மேல எனக்கு இப்ப ஒரு வருத்தமும் இல்லைங்க. போன மாசம் அவங்களே வந்து அழுதாங்க, நானும் அழுதேன். அமலியை அவங்கதான் இப்ப தூக்கி வெச்சிருக்காங்க, பாருங்க.

நான் மாறினது ஒண்ணுதான். முன்னெல்லாம் ஆண்டவருகிட்டயும் சோடிச்ச மொகத்தோடதான் போவேன். இப்ப இருக்கறதை இருக்கற மாதிரி சொல்றேன், கோவம் இருந்தாலும். அவரு அதுக்கெல்லாம் கோவிச்சுக்கறதில்லை. டாக்டருகிட்டயும் அப்படித்தான். முடியோ, புண்ணோ, சொந்தத்துல கட்டினதோ, வெக்கப்படாம எல்லாத்தையும் சொல்லுங்க. எதுல பதில் ஒளிஞ்சிருக்குதுன்னு நமக்குத் தெரியாது.

இந்தக் கூட்டத்துல யாராச்சும் ஒரு தாய், புள்ளைக்கு என்னன்னே தெரியாம உள்ளுக்குள்ள வெந்துட்டிருக்கலாம். உங்களை ஆண்டவர் மறக்கலை. அவரை நம்பி வாயைத் தொறந்து கேளுங்க. தனியா ஆஸ்பத்திரிக்குப் போகப் பயமா இருந்தா, கூட்டம் முடிஞ்சதும் எங்கிட்ட வாங்க. செவ்வாக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் கூட வாரேன்.